வெள்ளை ஈயின் நாமகரணம்

குழந்தைக்குப் பெயர் வைப்பது நம் வீடுகளில் எளிதில் முடிகிற காரியம் அல்ல. பாட்டனார் பெயரை வைப்பதா, குலதெய்வத்தின் பெயரை வைப்பதா, நட்சத்திரத்துக்குப் பொருந்திய எழுத்தில் தொடங்குவதா என்று பத்து நாள் வாதம் நடக்கும். கடைசியில் வைத்த பெயரை ஒருவரும் சொல்லிக் கூப்பிடாமல், 'அம்பி' என்றோ 'பாப்பா' என்றோ அழைத்து விடுவார்கள். மனிதக் குழந்தைக்கே இந்தக் கதி! அப்படியிருக்க, ஓலைக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் எள்ளளவு பூச்சிக்குப் பெயர் சூட்டுவதற்காகப் படித்த மனிதர்கள் கடல் கடந்து போய், காட்டில் அலைந்து, மைக்ராஸ்கோப்பின் முன்னால் நாட்கணக்காகத் தவம் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்றுதான் பலருக்கும் கேட்கத் தோன்றும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. வகுப்பில் செடி கொடிகளுக்கும் ஜந்துக்களுக்கும் உரிய லத்தீன் பெயர்களைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் பின் பெஞ்சியிலிருந்து யாரேனும் ஒரு மாணவன் இதைக் கேட்டுவிடுகிறான். "தவளையைத் தவளை என்று சொன்னால் போதாதா, ஸார்?" என்பது அவனுடைய நியாயம். அதற்குப் புத்தகத்தில் உள்ள விடையைச் சொல்வதைக் காட்டிலும், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் நடந்த ஒரு கதையைச் சொல்வதே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது. பெயர் வைப்பது வெறும் பாண்டித்தியம் அல்ல, ஒரு மரத்தைக் காப்பாற்றும் வேலையில் முதற்படி அதுவே என்பது அந்தக் கதையில் தெளிவாக விளங்கும்.

ஈ அல்லாத ஈ

வீட்டுக் கொல்லையில் தென்னை உள்ளவர்கள் இதைப் பார்த்திருக்கக்கூடும். கைக்கு எட்டும் கீழ் மட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், ஓலையின் அடிப்புறத்தில் யாரோ அரிசி மாவினால் வட்டம் வட்டமாகக் கோலம் போட முயன்று பாதியில் விட்டுப் போனது போன்ற வெண்மையான சுருள்கள் தெரியும். ஓலையின் மேற்புறத்திலோ அடுப்புக்கரியைப் பூசியது போன்ற கறுப்பு. தென்னையின் கீழே நிற்கும் வாழையும் கொய்யாவும்கூடக் கரியேறிப் போய், தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். மட்டையை ஓர் ஆட்டு ஆட்டினால், மாவு சிதறுவதுபோல் வெள்ளைப் பூச்சிகள் சிறிது பறந்து, மறுபடியும் சோம்பலாய் ஓலையிலேயே வந்து உட்காரும்.

இந்தப் பூச்சியைத்தான் வெள்ளை ஈ என்கிறோம். உண்மையில் இது ஈயே அல்ல. ஈக்கு இறகு இரண்டு, இதற்கோ நான்கு. ஈயின் குடும்பத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவரைக் கொடியில் மொய்க்கும் அசுவினியும், செம்பருத்தியில் பஞ்சு பஞ்சாய் அப்பிக் கிடக்கும் மாவுப் பூச்சியும் இதற்குத் தாயாதிகள். எல்லாம் ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும் கூட்டம். இதன் உடம்பிலும் இறகிலும் மெழுகுத் தூள் படிந்திருப்பதால், மாவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இக்குடும்பத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி; உடல் வளர்ச்சிக்கு வேண்டிய சத்து குறைவு. ஆகையால் வேண்டிய சத்தைப் பெறுவதற்கு இப்பூச்சி அளவுக்கு மிஞ்சிக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற துளிகளாக வெளியே தள்ளிவிடுகிறது. அத்துளிகள் கீழ் ஓலைகளின்மேல் சிந்துகின்றன. இனிப்பு இருக்கும் இடத்துக்கு எறும்பு வருவதில் ஆச்சரியமில்லை. எறும்புடன் கரும் பூசணமும் வந்துவிடுகிறது. இந்தப் பூசணம் ஓலைக்குள் நுழைந்து தின்பதில்லை. தேன் துளியை உண்டு மேலே படர்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஓலையின் முகத்தில் கரித் திரை விழுந்து விட்டால் சூரிய ஒளி எப்படி உள்ளே போகும்? ஒளியில்லாமல் மரம் எப்படி உணவு சமைக்கும்? ஆகவே மரத்துக்கு இரட்டைச் சங்கடம்: சாறும் போகிறது, வெளிச்சமும் போகிறது. இதனால் தென்னை அடியோடு பட்டுப் போவது அபூர்வம்தான். ஆயினும் கறுத்து வாடிய தோப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடியானவனுக்கு அந்தச் சமாதானம் போதுமா?

பெலிஸ் தேசத்துத் தென்னை

மேலே வர்ணித்த பூச்சியின் பிறந்தகம் நம் தேசம் அல்ல. மத்திய அமெரிக்காவில், கரீபியன் கடலோரத்தில் பெலிஸ் என்று ஒரு சிறிய நாடு உண்டு. பழைய பூகோளப் புத்தகங்களில் பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று படித்தோமே, அதுதான். 1981-ல் சுதந்திரம் பெற்றது. அந்நாட்டின் வெள்ளை ஈக்களை, லண்டன் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையைச் சேர்ந்த ஜான் மார்ட்டின் என்பவர் ஆராய்ந்து வந்தார். கணக்கெடுப்பின் முதற்பகுதியை 2004-ல் வெளியிட்டார். அதுவரை உலகம் அறியாத இனங்கள் பல அதில் முதன்முதலாக வர்ணிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று தென்னை ஓலையின் அடியில் அகப்பட்டது. அதற்கு அவர் சூட்டிய பெயர் அலியூரோடிகஸ் ருகியோபெர்குலாட்டஸ்.

வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் பயம் தெளிந்துவிடும். அலியூரோடிகஸ் என்பது குலப் பெயர். பின்னால் வருவது அந்த இனத்துக்கே உரிய பெயர். 'சுருக்கம் விழுந்த மூடியை உடையது' என்பது அதன் பொருள். எந்த மூடி, எதற்கு மூடி என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

அப்போது இந்தப் பூச்சியினால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகச் செய்தி இல்லை. பெலிஸ், குவாத்தமாலா, மெக்ஸிகோ ஆகிய நாடுகளில் அது தானுண்டு தன் ஓலையுண்டு என்று இருந்தது. பயிர்ப் பகைவரின் ஜாபிதாவில் அதற்கு இடமில்லை. ஆகையால் மார்ட்டின் செய்த வேலை அன்று யாருக்கும் காலணாப் பிரயோஜனம் இல்லாத வேலையாகவே தோன்றியிருக்கும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வைக்கும் முறை

ஒரு பூச்சி புதிய இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பறந்து திரியும் பெரிய பூச்சியைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று நாம் நினைப்போம். வெள்ளை ஈ விஷயத்தில் இது தலைகீழ். வளர்ந்த பூச்சிகள் பல, ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். அடையாளம் எல்லாம் வளராத பருவத்தில்தான் இருக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு நடக்கக் கால் உண்டு. அது சிறிது தூரம் ஊர்ந்து, நல்ல இடமாகப் பார்த்து வாயைச் செருகிக்கொண்டு உட்காரும். உட்கார்ந்ததோடு சரி, பிறகு இடம் பெயர்வதில்லை. தோலை உரித்து உரித்து, நாலாவது பருவத்தில் செதில்போல் தட்டையாக ஓலையோடு ஒட்டிக் கிடக்கும். அளவு உத்தேசமாக ஒரு மில்லிமீட்டர். அந்தப் பருவத்தின் கூட்டைத்தான் நிபுணர்கள் தேடுகிறார்கள். முகத்தைப் பாராமல் சட்டையைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது போன்ற வித்தை இது!

ஓலையிலிருந்து கூட்டை மெல்ல எடுத்து, மெழுகைப் போக்கி, காரக் கரைசலில் இட்டு உள்ளிருக்கும் சதையைக் கரைத்துவிடுகிறார்கள். எஞ்சுவது கண்ணாடி போன்ற தோல். அதைக் கண்ணாடித் தகட்டின்மேல் விரித்து, ஒரு வகை மரப் பிசினால் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். விளிம்பில் எத்தனை மயிர், முதுகில் மெழுகு சுரக்கும் துவாரங்கள் எங்கெங்கே, அவை எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துச் சித்திரம் எழுதுகிறார்கள். முதுகின் கடைசியில் கழிவு வெளிவரும் வாய் ஒன்று உண்டு. அதற்கு நாக்கு ஒன்றும் மூடி ஒன்றும் உண்டு. தேன் துளி தன் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டால் பூச்சி அதில் மூழ்கிப் போகுமல்லவா? ஆகையால் துளியைத் தூர எறிவதற்கு இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. பெலிஸ் பூச்சியின் இந்த மூடியில்தான் சுருக்கங்கள் இருந்தன. நாக்கின் நுனியும் கூர்மையாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு மூடியில் உள்ள சுருக்கம் ஓர் இனத்துக்குப் பெயராயிற்று.

இவ்வளவும் பார்த்தால் போதாது. இதற்கு முன் உலகத்தில் எவரேனும் இதையே வேறு பெயரில் வர்ணித்திருக்கிறாரா என்று பழைய நூல்களையும் காட்சிசாலைகளில் உள்ள மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஓர் ஏட்டுச் சுவடி கிடைத்தால் உடனே அச்சுக்கூடத்துக்கு ஓடிவிடவில்லை. ஊர் ஊராய்ப் போய் வேறு பிரதிகளைத் தேடி, பாடபேதங்களை ஒத்துப் பார்த்த பிறகே பதிப்பித்தார். பூச்சி நிபுணரின் வேலையும் அப்படியே. அவருக்கும் ஓலைதான் ஆதாரம். எழுத்துக்குப் பதில் பூச்சி, அவ்வளவே வித்தியாசம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மாதிரியை மூல மாதிரியென்று தேர்ந்தெடுத்து, காட்சிசாலையில் பத்திரப்படுத்திப் பெயரை அச்சில் வெளியிடுகிறார்கள். பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தால் அந்த ஒரு மாதிரியே சாட்சி. 1758-ல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் தமது நூலின் பத்தாவது பதிப்பில் கையாண்ட இரட்டைப் பெயர் முறையே பிராணிகள் விஷயத்தில் இன்றளவும் உலகத்துக்கெல்லாம் சட்டம்.

ஒருவனுக்குப் பல பெயர்

இந்தச் சட்டம் இல்லாவிட்டால் என்ன குழப்பம் நேரும் என்பதற்கு மற்றொரு வெள்ளை ஈயே உதாரணம். பருத்தி, புகையிலை, மரவள்ளி முதலியவற்றைக் கெடுக்கும் ஒரு சிறிய வெள்ளை ஈயை, 1889-ல் கிரீஸ் தேசத்தில் புகையிலைச் செடியில் கண்டு கென்னாடியஸ் என்பவர் வர்ணித்தார். வழவழப்பான இலையில் வளர்ந்தால் அதன் கூடு ஒரு வடிவம். மயிர் அடர்ந்த இலையில் வளர்ந்தால் வேறு வடிவம். இதை அறியாமல் ஒவ்வொரு தேசத்திலும் ஒவ்வொருவர் புதிது புதிதாய்ப் பெயர் சூட்டிக்கொண்டே போனார்கள். ஒரே ஆள் ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு கடன் வாங்கினால் பாக்கியை யார் வசூல் செய்வது? 1957-ல் அமெரிக்காவில் லூயிஸ் ரஸ்ஸல் என்ற அம்மையார் இந்தப் பெயர்களில் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து, எல்லாம் ஒரே ஆள்தான் என்று காட்டினார்.

அதே அம்மையார் 1965-ல் புதிய இனம் ஒன்றையும் வர்ணித்தார். அதன் பெயர் அலியூரோடிகஸ் டிஸ்பெர்சஸ். நம் கதாநாயகனுக்கு மூத்த தமையன் என்று சொல்லலாம். இதுவும் சுருள் சுருளாக முட்டையிடும். இந்த மூத்தவன் 1993-ல் கேரளத்தில் தலைகாட்டித் தென்னாடெங்கும் பரவி, மரவள்ளியையும் கொய்யாவையும் படாத பாடு படுத்தினான். அவன் வந்தது நம் கதையில் முக்கியமான சம்பவம்.

இவ்விடத்தில் நம் நாட்டவர் பங்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1896-ல் கரும்பு வெள்ளை ஈ ஒன்றுக்கு நியூசிலாந்திலிருந்த மாஸ்கெல் என்பவர் பெயர் சூட்டியபோது, நமது பரோடா நகரத்தின் பெயர் உலக ஏட்டில் ஏறியது. ஆனால் பூச்சி நம்முடையது, பெயர் வைத்தவர் அயலார். பிற்காலத்தில் இந்த நிலை மாறியது. தமிழ்நாட்டுப் பூச்சியியல் அறிஞர்களான பி. வசந்தராஜ் டேவிட்டும் டி. ஆர். சுப்பிரமணியமும் இந்திய வெள்ளை ஈக்களைப் பற்றி 1976-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நம் செடிகளில் வாழும் புதிய இனங்கள் நம்மவர் கையாலேயே நாமகரணம் பெற்றன. 2007-ல் மார்ட்டினும் மவுண்டு என்பவரும் சேர்ந்து தயாரித்த உலக ஜாபிதாவில் 1,556 வெள்ளை ஈ இனங்கள் இடம் பெற்றன.

பொள்ளாச்சிக்கு வந்த விருந்தாளி

இனி, பெலிஸ் பூச்சியின் யாத்திரையைக் கவனிப்போம். அதற்குப் பெயர் சூட்டி ஐந்து வருஷம் கழிந்தது. 2009-ல் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடாவில், மியாமிப் பக்கத்து மரங்களில் வெள்ளைச் சுருள்கள் ஏராளமாய்த் தோன்றின. கம்போ லிம்போ என்ற மரத்தில் முதலில் அகப்பட்டதால் அங்குள்ளவர்கள் அந்த மரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். விரைவிலேயே பனைக் குடும்பத்து மரங்களும் தென்னையும் வேறு பல செடிகளும் அதற்கு இரையாவது தெரிந்தது. ஊர்ப் பெயர் பொய்த்துப் போயிற்று. லத்தீன் பெயர் மட்டும் நிலைத்து நின்றது.

2016-ஆம் வருஷத்தில் அது கடல் தாண்டி வந்துவிட்டது. பொள்ளாச்சித் தோப்புகளிலும் பாலக்காட்டுப் பக்கத்திலும் தென்னை ஓலைகளில் வெள்ளைச் சுருள்கள் காணப்பட்டன. இப்பூச்சி அதிக தூரம் பறக்கக்கூடியதல்ல. மனிதன் எடுத்துச் செல்லும் நாற்றுக்களும் அலங்காரச் செடிகளும்தான் இவ்வகைப் பூச்சிகளுக்குக் கப்பலும் ஆகாய விமானமும். பொள்ளாச்சியின் இளநீர் எத்தனையோ ஊர்களுக்குப் போகிறது. அங்கே எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிவதும், பெண்ணுக்குக் கல்யாணம் நடப்பதும், பிள்ளை படிப்பதும் தென்னையை நம்பித்தான். நாற்பது அடி உயரத்தில் ஓலை கறுத்துக்கொண்டு வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனிதன் திகைக்கும்போது கை முதலில் விஷத்தைத் தேடுகிறது. "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதே எல்லாரும் கேட்கிற கேள்வி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, "வந்திருப்பவன் யார்?" என்பதுதான். பார்வைக்கு அவன் 1993-ல் வந்த மூத்தவனைப் போலவே இருந்தான். இருவரும் சுருளாகவே முட்டையிடுகிறவர்கள். ஓலையிலிருந்து கூட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, மூடியில் அதே சுருக்கம். நாக்கு நுனியில் அதே கூர்மை! பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெலிஸ் ஓலைக்காக எழுதிய வர்ணனை பொள்ளாச்சி ஓலைக்கு அப்படியே பொருந்தியது.

பெயர் தெரிந்ததால் வந்த லாபம் என்ன? ஆளின் ஜாதகமே கையில் கிடைத்ததுதான். சொந்த ஊர் எது, உறவினர் யார், எந்தெந்த மரத்தைத் தின்னும், புளோரிடாவில் அதை எது அடக்கியது என்பதெல்லாம் அந்தப் பெயருக்குக் கீழே எழுதி வைக்கப்பட்டிருந்தன. பெயர் தெரியாவிட்டால் ஒவ்வொன்றையும் ஆரம்பத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதுவரை தென்னை காத்துக்கொண்டிருக்குமா?

கண்ணுக்குத் தெரியாத காவலாளி

புளோரிடாவில் வெள்ளை ஈயை அடக்கியதில் முக்கியப் பங்கு என்கார்சியா என்னும் குலத்தைச் சேர்ந்த குளவிகளுக்கு உண்டு. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைத்துப் பயப்பட வேண்டாம். இதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மனிதரைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சைத் தேடிப் போய், அதன் உடம்பில் தன் முட்டையை வைத்துவிடும். குளவிப் புழு உள்ளேயே வளர்ந்து, வெள்ளை ஈயைத் தின்று தீர்த்து, இறகு முளைத்த குளவியாய் வெளியே வரும்.

அந்தக் குலத்தில் குவாதலூப்பே என்ற தீவின் பெயரைத் தாங்கிய என்கார்சியா குவாதலூப்பே என்ற ஓர் இனம், முன்பே நம் நாட்டில் குடியேறியிருந்தது! 1993-ல் மூத்தவன் வந்தானே, அவனைத் தொடர்ந்து யாரும் அழைக்காமலேயே இந்தக் குளவியும் வந்து சேர்ந்திருந்தது. லட்சத்தீவில் கண்டெடுத்ததை மூல நிலப்பரப்புக்குக் கொண்டுவந்து பரப்பவும் செய்தார்கள். திருடன் வந்த வழியிலேயே போலீஸ்காரரும் வந்து தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷத்துக்குப் பின் இளையவன் வந்தபோது, அந்தக் குளவி அவனையும் விடவில்லை. விஷம் தெளிக்காத தோப்புகளில் பாதிக்கும் மேற்பட்ட குஞ்சுகளைக் குளவி பற்றியிருந்ததை நிபுணர்கள் கண்டார்கள்.

விஷம் தெளித்த தோப்புகளில் என்ன நடக்கும்? மருந்து மேலே விழுகிறது. பூச்சியோ ஓலையின் அடியில் மெழுகுக்குள் பதுங்கியிருக்கிறது. அது தப்பிக்கும். வெளியே பறந்து திரியும் குளவி சாகும். சிலந்தியும், பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், பொறிவண்டும் அதனுடன் சாகும். போலீஸ்காரரைச் சுட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது போலத்தான். ஆகையினாலேயே பெங்களூரில் உள்ள பூச்சி ஆராய்ச்சி நிலையத்தாரும், காசர்கோட்டிலும் காயங்குளத்திலும் உள்ள தென்னை ஆராய்ச்சியாளர்களும், கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தாரும் ஒரே குரலாக, "ரசாயன விஷம் வேண்டாம்" என்று சொன்னார்கள்.

குளவிக்குத் துணையாகக் காயங்குளத்தில் இன்னொரு நண்பனும் வெளிப்பட்டது. ஓலைமேல் படியும் கரும் பூசணத்தையே மேய்ந்து தின்று சுத்தம் செய்யும் சிறு வண்டு அது. லியோக்ரைனஸ் நீல்கிரியானஸ் என்று பெயர். நமது நீலகிரியின் பெயர்தான் அதில் இருக்கிறது. அதற்கும் முன்னமேயே யாரோ ஒருவர் பொறுமையாய் உட்கார்ந்து பெயர் வைத்திருந்தார்!

கொல்லைத் தென்னைக்கு

இரண்டு மூன்று தென்னை வைத்திருக்கும் குடும்பத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, பரிசோதனை. வெள்ளைச் சுருள் உள்ள ஓலைத் துண்டு ஒன்றைப் பறித்து, வெண்மெழுகை மெல்ல ஊதிவிட்டு, பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெள்ளை ஈ தன் கூட்டைவிட்டு வெளிவரும்போது கூட்டின் முதுகு இங்கிலீஷ் 'டி' எழுத்தைப் போல் பிளந்திருக்கும். குளவி வெளிவந்தாலோ, ஊசியால் குத்தியது போன்ற அழகிய வட்டத் துவாரம் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிட்டால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கணக்கு முடிந்துவிடும். வட்டத் துவாரங்கள் நிறைய இருந்தால் காவலாளி வேலை செய்கிறான் என்று அர்த்தம், பேசாமல் விட்டுவிடலாம். அத்தகைய ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் கட்டி வைத்தால் அங்கேயும் குளவி பரவும்.

இரண்டாவது, தண்ணீர். கைக்கு எட்டும் இளமரங்களின் ஓலை அடியில் தண்ணீரை வேகமாய்ப் பீச்சியடித்தால் பூச்சியும் குஞ்சும் உதிர்ந்து போகும். பலத்த மழைக்குப் பின் இப்பூச்சி தணிவதையும், வறண்ட காலத்தில் பெருகுவதையும் குடியானவர்கள் அறிவார்கள். இயற்கை செய்வதைச் சிறிய அளவில் நாமும் செய்கிறோம், அவ்வளவே.

மூன்றாவது, ஓலைமேல் கரி படிந்திருந்தால் மைதா மாவை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் கலந்து கஞ்சி காய்ச்சி, ஆறவிட்டுத் தெளிப்பது. கஞ்சி வெயிலில் காய்ந்து பொருக்குத் தட்டி உதிரும்போது கரும் பூசணமும் அதனுடன் உரிந்து விழும். வேஷ்டிக்குக் கஞ்சி போடும் வீட்டில் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

நான்காவது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை மரங்களிடையே கட்டித் தொங்கவிடுவது. மஞ்சள் நிறத்தை நாடிவரும் பூச்சிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். தொல்லை கட்டுக்கு மீறினால் மட்டும் வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி வீதம் கலந்து ஓலையின் அடியில் படும்படி தெளிக்கலாம். குட்டை ரகத் தென்னைகளை இப்பூச்சி அதிகமாக விரும்புகிறது என்பதையும், பூச்சி உள்ள தோப்பிலிருந்து நாற்றுக்களை வேறு ஊர்களுக்குக் கொண்டு போகலாகாது என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

பின்னால் வந்தவர்கள்

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. 2018-ல் கேரளத்துத் தென்னைகளில் வேறு இரண்டு சிறிய வெள்ளை ஈக்கள் காணப்பட்டன. இவை சுருள் போடுவதில்லை. பஞ்சினால் குருவிக்கூடு கட்டினாற் போல் மெழுகுக் கூடு கட்டி நடுவில் உட்காரும். ஒன்றின் இறகில் பெருக்கல் குறிபோல் சாம்பல் நிறக் கோடு உண்டு, மற்றதற்கு இல்லை. அடுத்த வருஷம், 2019-ல், கர்நாடகத்தில் மண்டியாப் பக்கத்தில் இன்னொன்று. இதன் கூடு கன்னங்கரேலென்று இருக்கும், சுற்றிலும் வெண்மெழுகு. கறுப்பு உடை உடுத்தியது என்று பொருள்படும் பெயரை ஹெம்பெல் என்பவர் 1922-லேயே பிரேசில் தேசத்தில் தென்னை ஓலையில் கண்டு வைத்திருந்தார். மண்டியாவில் அந்தப் பூச்சி வந்து இறங்கியபோது, ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்தைய அவரது வர்ணனை அதன் விலாசத்தைச் சொல்லத் தயாராக இருந்தது.

ஆக, இப்போது ஒரே தென்னையில், சில சமயம் ஒரே ஓலையில், நாலைந்து வகை வெள்ளை ஈக்கள் குடியிருக்கின்றன. எல்லாவற்றையும் 'வெள்ளை' என்று ஒரே சொல்லால் அழைத்துவிட்டால், ஒன்றுக்குப் பகையான குளவி மற்றொன்றைத் தொடாமல் இருப்பதன் காரணம் விளங்காது. சுருள் பூச்சி குறைந்திருக்க, கூடு கட்டும் பூச்சி பெருகியிருக்கும். "குளவியால் பயன் இல்லை" என்று மனம் சலித்து மறுபடியும் விஷத்துக்குப் போவோம். பிரித்தறியும் கண் இருந்தால்தான் பொறுமை வரும்.

அந்தக் கண் தானாக வந்துவிடாது. மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து மயிரையும் துவாரத்தையும் எண்ணுகிற வேலையில் பெரும் பணமும் இல்லை, பத்திரிகையில் படமும் வராது. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு, "வேறு எதையாவது படி" என்று சொல்வதே நம்மில் பலருக்கும் வழக்கமாக இருக்கிறது. ஆயினும், அடுத்த பூச்சி எந்த ஓலையில், எந்த நாற்றோடு வந்து இறங்கப் போகிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வரும் நாளில் அதன் பெயரைச் சொல்ல ஓர் ஆள் நம்மிடம் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ பூதக்கண்ணாடியும் கையுமாகக் கொல்லையில் உட்கார்ந்து ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், "வெயிலில் என்ன வேலை?" என்று உள்ளே கூப்பிட்டுவிடாதீர்கள்.